வாசியில்லாக் காசு

மக்கள் வாழ்வுக்கு இன்றியமையாதன உணவும் உடையும் உறையுளும் என மூன்றாம். இம்மூன்றனுள் உணவின் இன்மை விரைவிற் புலனாகும். பசித்தவன் முகம் வாடும், குரல் தளரும், கண்டார் உள்ளம் இளகிக் கைப்பிடி சோறேனும் இடுவர். உடையின் இன்மையும் அவ்வாறே கட்புலனாகும். உறையுட்கு வந்த இடரோ அங்ஙனம் எளிதில் அறியப்படுவதன்று. வாடகை செலுத்த மாட்டாத குடும்பத்தின் வாயிலிலும் விடியற்காலையிற் கோலம் இடப்பட்டிருக்கும். மாடத்தில் விளக்கு எரியும். மக்கள் நெற்றியில் நீறு துலங்கும். தெருவிற் செல்வார் அவ்வீட்டைப் பார்த்து, 'இவர்க்கு யாது குறை' என்றே எண்ணிப் போவர். கதவின் பின்னே கடன் மட்டும் திங்கள்தோறும் ஒரு படி உயர்ந்துகொண்டிருக்கும்.

இவ்விரு துன்பங்கட்கும் வேறொரு வேற்றுமையும் உண்டு. நேற்று உண்ணாதவன் இன்று உண்பானாயின் அவன் பசி தீர்ந்துபோம். நேற்றைய பசிக்கும் சேர்த்து இன்று இருமடங்கு உண்ணல்வேண்டும் என்னும் நியதி இல்லை. வாடகையோ அத்தன்மைத்தன்று. கழிந்த திங்கட்குரியதும் நிகழும் திங்கட்குரியதும் ஒருங்கே வந்து வாயிலில் நிற்கும். தொழில் மீண்டும் கிடைத்த பின்னரும், கிடைத்த பொருள் முழுவதையும் பழைய திங்கள்கள் விழுங்கிவிடும். ஆதலின், உழைக்கும் குடும்பமொன்று தன் குற்றமின்றி நான்கைந்து திங்கள் வாடகை நிற்குமாறு நேர்ந்துவிடின், அஃது எத்துணை முயன்றாலும் தானே கரையேறுதல் அரிது. ஒருவர் கைகொடுத்தல் வேண்டும். அக்கை எவ்வாறு நீட்டப்படல்வேண்டும் என்பதே ஈண்டு ஆராயற்பாலது. குடந்தை நகரின்கண் ஒரு தவில்காரர் குடும்பத்துக்கு நேர்ந்ததும், அங்குள்ள திருமுறை வழிபாட்டு மன்றத்தார் செய்ததும் அதற்குத் தக்க சான்றாகும்.

அத்தவில்காரர் தந்தை வழியாகவும் பாட்டன் வழியாகவும் அத்தொழிலையே உடையவர். மனைவியும், முதிர்ந்த தாயும், பெண்மக்கள் இருவரும் அவரைச் சார்ந்து வாழ்ந்தனர். ஓட்டு வீடொன்றில் திங்களுக்கு 4,000 ரூபாய் வாடகைக்குக் குடியிருந்தனர். முன்பணமாக 20,000 ரூபாய் கொடுத்திருந்தனர். பதினோராண்டு அவ்வீட்டில் வாழ்ந்தும் ஒரு திங்களேனும் வாடகை தவறியதில்லை. தவில்காரர்க்கு ஆண்டு முழுவதும் ஒரேவகையாக வருவாய் வருவதில்லை. ஆடியிலும் மார்கழியிலும் திருமணம் இல்லை. பங்குனி, சித்திரை, வைகாசி, ஆனி என்னும் திங்கள்களில் முகூர்த்தங்களும் கோயிற் பெருவிழாக்களும் நிறைந்து வரும். அப்பொழுது ஈட்டியதைக்கொண்டே மற்றைத் திங்கள்களையும் கடத்தல் வேண்டும். உழவனுக்கு விளைவுக்காலம் போல்வது அவர்க்கு அப்பருவம்.

2020-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 25-ஆம் நாள், தொற்றுநோய் காரணமாக நாடு முழுவதும் ஊரடங்கு தொடங்கிற்று. அஃது அவருடைய விளைவுக்காலத்தின் வாயிலாகும். பங்குனி உத்திரம் மக்கட்கூட்டமின்றிக் கழிந்தது. மதுரையிற் சித்திரைப் பெருவிழாவே நிகழாதுபோய், திருக்கல்யாணம் ஒன்று மட்டும் மே 4-ஆம் நாள் ஒருசில குருக்கள்மாரால் நடத்தப்பெற்றது. திருமணங்கட்கு ஐம்பதின்மர்க்கு மேற் கூடலாகாது என்றமையின், பலர் மங்கல இசையை நீக்கி, மாங்கலியம் பூட்டுங்கால் ஒலிநாடாவை இயக்கி அமைந்தனர். பெருங்கோயிற் கதவங்கள் பொதுமக்கட்குச் செப்டம்பர் முதல் நாளிற்றான் திறக்கப்பட்டன. ஆடிக்கு முன் ஈட்டற்பாலதாகிய ஆண்டு வருவாய் முற்றும் அவர்க்கு இல்லையாயிற்று.

உணவுக்கு அரசினர் வழி செய்தனர். நியாயவிலைக் கடைகளில் அரிசி விலையின்றி வழங்கப்பட்டது. அரிசி அட்டை உடையார்க்கு ஏப்பிரல் திங்களில் 1,000 ரூபாயும் கொடுக்கப்பட்டது. வாடகை பற்றியும் நடுவணரசு மார்ச்சு 29-ஆம் நாள் ஓர் ஆணை பிறப்பித்து, தொழிலாளரிடத்து ஒரு திங்கள் வாடகை கேட்டல் கூடாது என்றது. ஆயின் இடரோ ஒரு திங்களில் ஒழியவில்லை. தவில்காரர் காய்கனி அங்காடியில் மூட்டை சுமந்தார்; அவர் மனைவி தம் தோட்டினை அடகு வைத்தார். அவ்வாறு கிடைத்தது தாயின் மருந்துக்கும் பிள்ளைகளின் தேவைக்கும் சென்றது. ஏப்பிரல் முதல் அக்டோபர் ஈறாக ஏழு திங்கள் வாடகை, 28,000 ரூபாய், நிலுவையாக நின்றது.

வீட்டுக்குரியவர் யாவர் எனின், அவரும் செல்வர் அல்லர். கணவனையிழந்த மூதாட்டியார், இரண்டு குடியிருப்புகளின் வாடகையே அவர்தம் வாழ்வுக்குப் பற்றுக்கோடு. மற்றொரு குடியிருப்பில் இருந்தவர் ஊரடங்கின்போது தம் சொந்த ஊர்க்குச் சென்று மீளவில்லை. ஆதலின் அவ்வம்மையார்க்கும் அடுப்பெரிதல் அரிதாயிற்று. முதன் மூன்று திங்கள் அவர் வாடகை பற்றி வாய் திறக்கவேயில்லை. நான்காந் திங்களிற் சொல்லியனுப்பினார். உறவினர் ஒருவர், 'மின்னிணைப்பைத் துண்டித்துவிடுக. தாமே எழுந்துபோவர்' என்று சூழ்ச்சி உரைத்தபொழுது, 'அது பெண்பிள்ளைகள் இருக்கும் வீடப்பா. இருளில் வைக்க என் மனம் ஒப்பாது' என்று மறுத்தார். ஆயினும் ஏழாந் திங்களில், வேறு வழி காணாராய், வழக்கறிஞர் வாயிலாக அறிவிப்பு விடுத்தார். இருபாலும் குற்றமில்லை, இருபாலும் துன்பம் உண்டு. வாடகைக் கடனிற் பெரும்பாலும் நிகழ்வது இதுவே. குடியிருப்பான் மேல் இரங்குவார் வீட்டுக்காரனைக் கொடியனாகக் கருதிவிடுதலும், வீட்டுக்காரன் பக்கம் நிற்பார் குடியிருப்பானை ஏமாற்றுவானாகக் கொள்ளுதலும் ஆராயாமையின் பயன்களாம்.

திருமுறை மன்றத்தின் தலைவர் தமிழாசிரியராயிருந்து ஓய்வு பெற்றவர். ஐப்பசித் திங்களில் ஒருநாட் காலை, கோயிலுக்குச் செல்லுங்கால் அவர் தவில்காரர் வீட்டுத் திண்ணையில் ஒரு காட்சியைக் கண்டார். வேற்றூரார் ஒருவர் தவிலை மடிமேல் வைத்து, வலந்தலையை விரலாற் சுண்டியும், பலாமரக் கட்டையைத் தட்டிப் பார்த்தும் ஆராய்ந்துகொண்டிருந்தார். தவில்காரர் கம்பத்தின் மறைவில் நின்றார். அவர்தம் இளைய மகள் தவிலின் உறையை மார்போடணைத்து வாயிற்படியில் அமர்ந்திருந்தாள்.

'தம்பி, யாது இது?' என்று தலைவர் வினவினார்.

'வாசிக்காத வாத்தியம் பழுதாகிப்போம் ஐயா. இன்னொருவர் கையிற் சேர்ந்தால் நன்றாயிருக்கும் என்று பார்த்தேன்' என்றார் தவில்காரர். அச்சொற்களில் மெய்யும் இருந்தது, மறைப்பும் இருந்தது. வந்தவர் 15,000 ரூபாய் தர ஒப்பினார் என்பதும், நிலுவையோ 28,000 என்பதும், அறிவிப்பின்படி ஒரு திங்கட்குள் அதனைச் செலுத்தல் வேண்டும் என்பதும் சிறிது சிறிதாகவே வெளிப்பட்டன. தவிலை விற்பின் வாடகையிற் பாதி தீரும். வாழ்வு முழுதும் தீர்ந்துபோம். தையில் முகூர்த்தம் வரும்போது கையில் யாதுளது? தலைவர் வந்தவரைப் பார்த்து, 'ஒரு வாரம் பொறுத்து வருக' என்று கூறியனுப்பினார்.

அன்று மாலையே மன்றத்தார் சிலர் கூடினர். நால்வர் குருபூசைகளும் அவ்வாண்டு ஊரடங்கினுள் அகப்பட்டு, கூட்டமும் திருவமுதும் இன்றிக் கழிந்தமையால் மன்றத்தின் கையில் 46,000 ரூபாய் செலவாகாது இருந்தது. 'அதனின்றும் 28,000 ரூபாயை எடுத்துக் கொடுத்துவிடுவோம். சிவனடியார் குடும்பத்தைத் தெருவில் நிற்க விட்டுப் பூசைப்பணத்தைப் பூட்டிவைத்தல் தகுமோ?' என்றார் தலைவர். பலரும் உடன்பட்டனர். பொருளாளர் ஒருவரே உடன்படவில்லை.

'குருபூசைக்கென்று கேட்டுப் பெற்ற பணம் இது. கொடுத்தவர் அதற்காகவே கொடுத்தனர். சிவபூசைக்கு வைத்ததை நம் மனம் இரங்கியதற்காக வேறொன்றிற் செலவிடுதற்கு நமக்கு உரிமை இல்லை. இன்று இரக்கத்தின் பொருட்டு ஒரு பூட்டைத் திறந்தால், நாளை வேறொன்றின் பொருட்டும் திறப்போம்' என்றார் அவர். சிலர் அவரைக் கல்நெஞ்சர் என்றனர். அவர் விடையிறுக்காது கணக்குப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு வீட்டிற்குச் சென்றார்.

பொருளாளர் கூறியது இகழத்தக்கதன்று. ஒன்றற்கென ஈயப்பட்ட பொருளை அதற்கே செலவிடுதல் பொதுப்பணம் காப்பார்க்கு முதல் அறமாகும். அவ்வறம் தளருமிடத்து, ஈவாரின் நம்பிக்கை கெடும். நம்பிக்கை கெடவே பின்னர்த் துன்புறும் ஏழைக்கு ஈவார் இலராவர். இரக்கம் ஒரு கண். நேர்மை மற்றொரு கண். ஒன்றைக் குத்திக்கொண்டு மற்றொன்றாற் பார்த்தல் அறிவுடைமையாகாது.

மறுநாள் விடியலிற் பொருளாளர் தாமே தலைவர் வீட்டிற்கு வந்தார். கணக்குப் புத்தகத்தை விரித்துக் காட்டினார். 'ஒவ்வொரு குருபூசைக்கும் மங்கல இசையில் தவிலுக்கென 1,500 ரூபாய் ஒதுக்கியுள்ளோம். நான்கு குருபூசைக்கு 6,000. அது தவிலுக்குரிய பணம், இவ்வாண்டு கொடுக்கப்படவில்லை. வருமாண்டுக்கும் அவ்வாறே 6,000. அதனை முன்கூட்டிக் கொடுத்தலில் தவறில்லை. பந்தற்காரர்க்கும் சமையற்காரர்க்கும் முன்பணம் கொடுக்கின்றோம் அல்லவா? ஆக 12,000 ரூபாய் குருபூசைப் பணமாகவே அவர் கையிற் செல்லும். ஒரு காசும் வேறு வழியிற் செலவானதாகாது. எட்டுக் குருபூசைக்கு அவர் வாசிக்கக் கடமைப்பட்டவர்; அவ்வளவே' என்றார். முன்னாள் மாலை கல்நெஞ்சர் எனப்பட்டவர் இரவு முழுவதும் விழித்திருந்து கண்ட வழி இஃது.

தலைவர்க்கு அப்பொழுது திருவீழிமிழலையிற் படிக்காசு பெற்ற வரலாறு நினைவுக்கு வந்தது. நாட்டிற் பஞ்சம் வந்தபொழுது இறைவன் திருஞானசம்பந்தர்க்கும் திருநாவுக்கரசர்க்கும் நாடோறும் ஒவ்வொரு காசு பீடத்தில் வைத்தருளினான். அதுகொண்டு இருவரும் அடியார்க்கு அமுதளித்தனர். சம்பந்தர் பெற்ற காசு கடைத்தெருவில் வாசிப்பட்டது. வட்டம் கொடுத்து மாற்றவேண்டியிருந்தமையால் அவர் திருமடத்தில் உணவு சமைதல் காலந்தாழ்ந்தது. நாவுக்கரசர் பெற்ற காசோ வாசியின்றி மாறிற்று. அவர் மெய்வருந்தக் கைத்தொண்டு செய்தமையே அதற்குக் காரணம் என்று சேக்கிழார் பெருமான் காட்டுவர். சம்பந்தர் பின்னர்ப் பதிகம் பாடி வாசியில்லாக் காசு பெற்றனர்.

இவ்வரலாற்றிற் கருத்தொன்று அடங்கியுள்ளது. இரு காசும் இறைவன் அருளிய காசே. இரண்டும் அடியார் பசி தீர்த்தனவே. ஆயினும் உழைத்தான் பெறுங் காசு உலகத்தில் வட்டமின்றிச் செல்லும். உழைக்கும் கையுடையானுக்கு வறிதே ஈயப்படுங் காசில் ஒரு வாசி உண்டு. அது கடைத்தெருவிற் கழிக்கப்படுவதன்று, பெறுவான் உள்ளத்திற் கழிக்கப்படுவது. கொடுத்தாரைத் தெருவிற் காணுந்தோறும் தலை சிறிது தாழும். குரல் சிறிது குன்றும். அத்தாழ்வே அவன் செலுத்தும் வட்டம். ஆதலின் ஒருவன் தொழிலுக்கு ஊதியமாகக் கொடுக்கக்கூடுமிடத்து, ஈகையாகக் கொடாது ஊதியமாகவே கொடுத்தல் சிறந்தது. உழைக்கமாட்டாத முதியார்க்கும் நோயாளர்க்கும் குழவிகட்கும் ஈகையே முறை. ஆண்டும் பெறுவார் நாணாவண்ணம் ஈதல் வேண்டும்.

எஞ்சிய 16,000 ரூபாய்க்கு வழி யாது? மன்றத்தில் ஓர் அன்பர் நீதிமன்றத்தில் எழுத்தராயிருந்தவர். 2019-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 22-ஆம் நாள் முதல் தமிழ்நாட்டில் நடைமுறைக்கு வந்த வீட்டு உரிமையாளர், வாடகைதாரர் உரிமைகளும் பொறுப்புகளும் பற்றிய சட்டத்தை அவர் எடுத்துரைத்தார். இரண்டு திங்கள் வாடகை நிலுவையாயின் உரிமையாளர் அறிவிப்பு விடுத்து வழக்குத் தொடரலாம். ஆயின் அறிவிப்புக் கிடைத்த ஒரு திங்கட்குள் நிலுவை வட்டியோடு செலுத்தப்படின் வெளியேற்றும் ஆணை பிறத்தற்கில்லை. வாடகை உடன்படிக்கை எழுத்தில் இருத்தல் வேண்டும். குடிநீர், மின்விசை முதலியவற்றை நிறுத்தல் கூடாது. வேறு உடன்பாடு இல்லாதவழி முன்பணம் மூன்று திங்கள் வாடகைக்கு மேற்படலாகாது. இவற்றைக் கேட்ட பொருளாளர், 'இவர் கொடுத்துள்ள முன்பணமோ ஐந்து திங்கள் வாடகையன்றோ? அம்மையார் உடன்படுவாராயின் அதனில் இரண்டு திங்கள் வாடகையை நிலுவைக்கு ஈடு செய்யலாம். மூன்று திங்கள் வாடகை அவர்க்குப் பாதுகாப்பாக நிற்கும்' என்றார்.

முன்பணம் முழுவதையும் கழித்துவிடலாமே என்று ஒருவர் கூறினார். அது நன்றன்று. முன்பணம் முற்றும் கழிந்துவிடின் வீட்டுக்காரர் நெஞ்சில் அச்சம் புகும். மீண்டும் ஒரு திங்கள் தவறும்போது பொறுக்க மாட்டார். குடியிருப்பானும் வேறு வீடு தேட நேரின் கையில் ஒன்றுமின்றி நிற்பான். நிலுவையைத் தீர்க்கும் விரைவில் நாளைய காப்பினை அழித்தல், ஓட்டையை அடைக்கக் கூரையின் ஓட்டைப் பெயர்த்தது போலாம்.

ஆக மங்கல இசைப்பணத்தால் மூன்று திங்களும், முன்பணத்தால் இரண்டு திங்களும் தீர்ந்தன. மிஞ்சியது இரண்டு திங்களுக்குரிய 8,000 ரூபாய். அதனைத் தாமே தவணையிற் செலுத்துவதாகத் தவில்காரர் கூறினார். திங்கள் 2,000 ரூபாய் வீதம் நான்கு திங்களில் தீர்த்துவிடுவேன் என்று அவர் ஊக்கத்தோடு சொன்னபொழுது பொருளாளர் இடைமறித்தார். 'வேண்டா தம்பி. நடப்பு வாடகை 4,000 ஒவ்வொரு திங்களும் தவறாது போகவேண்டும். அதன்மேல் 1,000 போதும். எட்டுத் திங்களில் தீரட்டும். சிறிய வாக்கு நிறைவேறினால் அம்மையார்க்கு நம்பிக்கை வளரும். பெரிய வாக்குத் தவறினால் இருந்த நம்பிக்கையும் போய்விடும்' என்றார். துன்பத்தில் உள்ளார் நாணத்தினால் தம் ஆற்றலுக்கு மேற்பட்ட வாக்குக் கொடுத்துவிடுதல் இயல்பு. அவ்வாக்கினை அளவுபடுத்திக் கொடுத்தலும் ஓர் உதவியேயாம்.

இவற்றை எல்லாம் அம்மையாரிடம் பேசுதற்குத் தலைவரும் பொருளாளரும் தவில்காரரோடு சென்றனர். பேசியவர் தவில்காரரே, மற்றையோர் உடனிருந்தனர். பணத்தைத் தந்ததும் தவில்காரர் கையே. அம்மையார் எண்ணிப் பார்த்துப் பற்றுச்சீட்டு எழுதிக் கொடுத்தார். வட்டி வேண்டா என்றார். அறிவிப்பை மீட்டுக்கொள்வதாகவும் எழுதினார். பின்னர், 'ஏழு திங்களும் எனக்குத் தூக்கமில்லை. கேட்டாலும் பாவம், கேளாவிட்டாலும் அடுப்பில் பூனை. வாசலில் தவிற்சத்தம் கேளாத வீடு எனக்கும் பிடிக்கவில்லையப்பா' என்று கூறிக் கண் கலங்கினார். ஒரு குடும்பத்தின் நிலுவையைத் தீர்க்கப் புகுந்தார்க்கு, இரண்டு வீடுகளின் துயர் தீர்ந்தமை அப்பொழுதே தெரிந்தது.

அடகிலிருந்த தோட்டினை மீட்டற்கு அன்பர் ஐவர் தத்தம் கைப்பொருளிலிருந்து கொடுத்தனர். அது மன்றத்துப் பணமன்று, கணக்கில் ஏறியதுமன்று. இளைய அன்பர் ஒருவர், பணம் கொடுக்குங்காற் படம் எடுத்துக் கைப்பேசிக் குழுவில் வெளியிட்டாற் பிறர்க்கும் ஊக்கமாகும் என்றார். அவர் கருத்துத் தீயதன்று. ஆயினும் தலைவர், 'நாளை அப்பிள்ளைகளின் தோழிமார் கையிலும் அப்படம் இருக்கும் அல்லவா?' என்று வினவினார். அவ்வினாவுக்குப்பின் படப்பேச்சு எழவில்லை. ஈந்ததைத் தூற்றுதல் ஈந்ததைத் திரும்பப் பறித்தலினும் கொடிது. பறித்தால் பொருள் ஒன்றே போம், தூற்றினால் மானமும் உடன்போம்.

தவிலை விலைபேசியவர் ஒரு வாரங் கழித்து வந்தார். தவில் உறையினுள் இருந்தது. உறையின்மேற் சிறுமி கைவைத்திருந்தாள். அவர் சிரித்துக்கொண்டே திரும்பிப் போயினார்.

கார்த்திகையிலும் தையிலும் முகூர்த்தங்கள் ஒருவாறு நடந்தன. தவில்காரர் நவம்பர் முதல் ஏப்பிரல் ஈறாக ஆறு தவணைகளைத் தவறாது செலுத்தினார். 2021-ஆம் ஆண்டில் நோய் மீண்டும் பெருகி, ஏப்பிரல் இறுதியிற் கோயில்கள் மூடப்பட்டன. மே 10-ஆம் நாள் முழு ஊரடங்கு வந்தது. இம்முறை அவர் கதவின் பின்னே ஒளியவில்லை. தவணை நாளுக்கு முன்னரே அம்மையாரிடம் சென்று நிலைமையைக் கூறினார். நிற்பது யாது, எப்பொழுது தரப்படும் என்பன தெளிவாயிருந்தமையால் அவரும் பொறுத்தார். எஞ்சிய 2,000 ரூபாயும், அவ்வூரடங்கில் நின்ற வாடகையும் ஆவணி முகூர்த்தங்களுக்குப் பின்னர்த் தீர்ந்தன. முதல் முறை கடன் ஏழு திங்கள் பேசப்படாது வளர்ந்தது. இரண்டாம் முறை பேசப்பட்டமையாற் குறுகியது. இரண்டிற்கும் உள்ள வேற்றுமை பணத்தின் வேற்றுமை மட்டுமன்று. வாய்திறந்து பேசுதற்கு வேண்டிய தலைநிமிர்வின் வேற்றுமையும் ஆம்.

அவ்வாண்டுச் சித்திரைச் சதயத்தன்று, நாவுக்கரசர் குருபூசை கூட்டமின்றி மன்றத்தின் உள்ளே நடைபெற்றது. தவில்காரர் அழைக்கப்படவில்லை, ஒருவரையும் அழைக்க இயலாத காலம் அது. ஆயினும் தீபாராதனை வேளையில் அவர் தம் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து தவில் வாசித்தார். நாயனம் இல்லாத தனித்தவில். அரை நாழிகை அவ்வோசை ஆளொழிந்த தெருவில் ஒலித்தது. மறுநாள் தலைவரிடம், 'ஒரு குருபூசைக் கடன் கழிந்தது ஐயா. ஏழு நிற்கின்றது' என்றார். தலைவர் அதனை ஏற்றுக்கொண்டு கணக்கில் எழுதுமாறு பொருளாளர்க்குச் சொன்னார். 'இருக்கட்டும், வேண்டா' என்று அவர் கூறியிருப்பின் அக்காசு அந்நொடியே வாசிப்பட்டிருக்கும். மற்றைய ஏழும் 2023-ஆம் ஆண்டிற்குள் கழிந்தன.

இத்தகைய உதவி செய்யப் புகுவார் கருதற்பாலன சில இந்நிகழ்ச்சியினின்றும் பெறப்படும். கேட்கும்வரை காத்திராது, குறிப்பறிந்து காலத்திற் செல்லல் வேண்டும். வாடகைக் கடன் மீற்றுவட்டிக் கடனாக மாறிவிடின் பின்பு தீர்த்தல் அரிது. நிலுவை எவ்வளவு என்பதை இருபாலும் கேட்டு வரையறுத்தல் வேண்டும். பணம் உரியவர் கையிற் சேர்தலையும், பற்றுச்சீட்டுப் பெறுதலையும் தவறவிடலாகாது. தொழிற்கருவியை விற்றுக் கடன் தீர்க்க விடலாகாது. நிலுவை தீர்ந்த திங்களோடு நில்லாது, அடுத்த திங்கள் வாடகை எவ்வாறு வரும் என்பதையும் எண்ணல் வேண்டும். வீட்டுக்குரியவர்க்கும் வயிறு உண்டு என்பதை மறத்தல் ஆகாது. எல்லாவற்றிற்கும் மேலாக, உதவி பெறுவார் தம் கையாலேயே தம் கடனைத் தீர்த்தார் என்னும் நிலைமையை இயன்றவளவு உண்டாக்கல் வேண்டும்.

திருவள்ளுவனார் நிலையாமை கூறுமிடத்து, உயிர் உடம்பினுள் இருத்தலைத் துச்சில் என்னுஞ் சொல்லாற் குறித்தனர். துச்சிலாவது பிறர்க்குரிய இல்லின்கண் ஒருபுறம் ஒதுங்கியிருக்கும் இருப்பு. சொந்த வீடுடையார் என்று தம்மை மதிப்பாரும் இவ்வுடம்பாகிய வீட்டிற் குடிக்கூலிக்கு இருப்பவரே. அவ்வீட்டுக்குரியான் எத்தனை திங்கள் நிலுவையைப் பொறுத்துக்கொண்டிருக்கின்றான் என்பதை எண்ணுவார்க்கு, அண்டை வீட்டார் நிலுவை அயலார் நிலுவையாகத் தோன்றாது.

குடந்தையில் அவ்வோட்டு வீட்டின் உள்ளே நால்வர் திருவுருவப்படம் ஒன்று மாட்டப்பட்டுள்ளது. அதன் பின்னே வாடகைப் பற்றுச்சீட்டுகள் ஒரு நூலிற் கோக்கப்பெற்றுத் தொங்குகின்றன. முதற் சீட்டு 12,000 ரூபாய்க்கு உரியது. அதன்மேல், 'தவில்காரரிடமிருந்து பெற்றேன்' என்று மூதாட்டியார் நடுங்கிய கையால் எழுதியுள்ளார். கொடுத்தவர் எனப் பிறர் பெயர் ஒன்றும் அதில் இல்லை.

திருச்சிற்றம்பலம்